எஸ்பிஐ நார் ஃபிளாஷில் (மின்சாரம் போனாலும் தரவை வைத்திருக்கும் நினைவக சிப்) ஒரு செக்டாரை, அதாவது சிப்பின் ஒரு துண்டை, அழிக்கும் எரேஸ் ஓடும்போது வேறு செக்டாரைப் படிக்க, எரேஸை இடைநிறுத்தும் சஸ்பெண்ட் கட்டளை போதுமா?

போதும். ஆனால் டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளர் தரும் விவரக் கையேடு) அந்தக் கட்டளை இருக்கும் பக்கத்தோடு நின்றுவிடாதீர்கள். நான் அப்படி நின்று இரண்டு நாளைத் தொலைத்தேன்.

வின்பாண்டின் டபிள்யூ25க்யூ வகை சிப்புகளில் 4 கேபி செக்டாரை அழிக்க வழக்கமாக 45 மில்லி நொடி, அதிகபட்சம் 400 ஆகும். அதுவரை நீங்கள் என்ன கேட்டாலும் ஸ்டேட்டஸைத் தவிர வேறு பதில் வராது. சஸ்பெண்ட் கட்டளையான ஹெக்ஸ் 75 அனுப்பினால் 20 மைக்ரோ நொடிக்குள் எரேஸ் நிற்கும். உள்ளே ஏற்றிய உயர் மின்னழுத்தத்தை இறக்க வேண்டும் அல்லவா, அதற்குத்தான் அந்த அவகாசம். ஸ்டேட்டஸில் வேலை நடப்பதைக் காட்டும் பிஸி பிட் இறங்கியதும் சஸ்பெண்ட் பிட் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஏறவில்லை என்றால், உங்கள் கட்டளை போய்ச் சேர்வதற்குள் எரேஸே முடிந்துவிட்டது என்று அர்த்தம். ஏறியிருந்தால் வேண்டியதைப் படித்துவிட்டு ரெஸ்யூம் கட்டளையான 7ஏ அனுப்புங்கள், விட்ட இடத்திலிருந்து தொடரும்.

"விட்ட இடத்திலிருந்து" என்பதில்தான் நான் மாட்டினேன். (என் சிப் வேறு தயாரிப்பு.) 200 மைக்ரோ நொடிக்கு ஒருமுறை டைமர் இன்டரப்ட் (ஓடும் புரோகிராமை இடைமறிக்கும் குறுக்கீடு) வந்து சஸ்பெண்ட், படிப்பு, ரெஸ்யூம் எல்லாவற்றையும் 60 மைக்ரோ நொடியில் முடித்துவிடும். மிச்சம் 140 எரேஸுக்கு. கணக்குப்படி 65 மில்லி நொடியில் முடிந்திருக்க வேண்டும். 2 நொடி ஆகியும் முடியவில்லை. டீபக்கரில் நிறுத்திப் பார்த்தால் செக்டார் முழுக்க எஃப்எஃப், சுத்தமாக அழிந்திருந்தது! நான் பிரேக்பாயின்டில் நின்றபோது இன்டரப்டும் நின்றுவிட, சிப் நிம்மதியாக வேலையை முடித்திருக்கிறது.

எரேஸ் ஒரே இழுப்பாக நடப்பதில்லை. சிப் ஒரு பல்ஸ் கொடுக்கும், சரிபார்க்கும், மறுபடி பல்ஸ் கொடுக்கும். ரெஸ்யூம் ஆனதும் மின்னழுத்தத்தை மறுபடி ஏற்றவே நேரம் பிடிக்கும். பாதியில் அறுந்த பல்ஸை முதலிலிருந்தே தொடங்கும் சிப்புகளும் உண்டு. என் 140 மைக்ரோ நொடியும் அதிலேயே கரைந்துபோனது. டேட்டாஷீட் சொன்ன குறைந்தபட்ச இடைவெளியை நான் மீறவில்லை. ஆனால் அது அடுத்த சஸ்பெண்டை சிப் ஏற்றுக்கொள்வதற்கான இடைவெளி. அதற்குள் எரேஸ் முன்னேறும் என்று அது எங்கும் சொல்லவில்லை.

அப்புறம் சில விஷயங்கள். சஸ்பெண்ட் ஆன செக்டாரையே படித்தால் குப்பைதான் வரும். முழு சிப் எரேஸை நிறுத்த முடியாது. சஸ்பெண்டில் இருக்கும்போது மின்சாரம் போனால் அந்த செக்டாரில் இருப்பதை நம்பாதீர்கள், மறுபடி அழியுங்கள். புரோகிராமே அதே ஃபிளாஷிலிருந்து ஓடுகிறது என்றால், எரேஸைத் தொடங்குவது முதல் அது முழுதாக முடியும் வரை ஓடும் குறியீடும், இடையில் வரக்கூடிய இன்டரப்ட் ஹேண்ட்லர்களும் ரேமில் இருக்க வேண்டும்.

இப்போது ஐந்து முறைக்கான தரவை ஒரே தடவையில் ரேமுக்கு இழுத்துக்கொள்கிறேன். ரெஸ்யூமுக்குப் பின் 1 மில்லி நொடி ஆகாமல் சஸ்பெண்ட் கேட்டால் என் டிரைவர் மறுத்துவிடும். எரேஸ் கொஞ்சம் தாமதமாக முடிகிறது, ஆனால் முடிகிறது.