நேர்க்கோட்டுக்கு இரண்டு சமன்பாடுகளா?

கேள்வி: (2, 5), (6, 13) ஆகிய புள்ளிகள் வழியே செல்லும் நேர்க்கோட்டுக்கு, முதல் புள்ளியைக் கொண்டு எழுதினால் ஒய் − 5 = 2(எக்ஸ் − 2) என்றும், இரண்டாவதைக் கொண்டு எழுதினால் ஒய் − 13 = 2(எக்ஸ் − 6) என்றும் வருகிறது. எது சரி?

பதில்: இரண்டும் சரியே. அடைப்பை நீக்கிச் சுருக்கிப் பாருங்கள்; முதலாவதில் −4 உடன் 5 சேர்ந்தும், இரண்டாவதில் −12 உடன் 13 சேர்ந்தும் 1 எஞ்சுவதால், இரண்டுமே ஒய் = 2 எக்ஸ் + 1 என்றே முடியும். கோட்டின் சாய்வு (இரு புள்ளிகளின் ஒய் வேறுபாட்டை எக்ஸ் வேறுபாட்டால் வகுத்தால் வருவது; இங்கே 8/4 = 2) எங்கும் மாறாதது என்பதால், அதன்மேல் உள்ள எந்தப் புள்ளியிலிருந்து தொடங்கினாலும் அதே கோடுதான் கிடைக்கும். இந்த இயல்பை நான் மிகவும் விரும்புகிறேன்.

சாய்வைக் கணக்கிடும்போதுதான் பலர் தவறுகிறார்கள். மேலே 13 − 5 என்று கழித்துவிட்டு, கீழே 2 − 6 என்று வரிசையை மாற்றினால் விடை −2 ஆகி, ஏற வேண்டிய கோடு இறங்கிவிடும். ஆகவே கிடைத்த சமன்பாட்டில் இரு புள்ளிகளையும் பிரதியிட்டுச் சரிபார்ப்பது நல்லது. (3, 1), (3, 7) போன்ற புள்ளிகளுக்கோ, பகுதி (பின்னத்தின் கீழ் எண்) 0 ஆவதால் சாய்வை வரையறுக்க இயலாது; அந்தச் செங்குத்துக் கோட்டின் சமன்பாடு எக்ஸ் = 3.