ஓடைக்கு இருபுறமும் ஓர் ஊர்: மோட்லராய்ட் கேள்வி பதில்

பனிப்போர்க் காலத்தில் கிழக்கு ஜெர்மனி, மேற்கு ஜெர்மனி என்று மதிலால் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்த மோட்லராய்ட் கிராமத்தைப் பற்றி நான் எழுதியதற்கு நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. தெரிந்தவரை பதில் சொல்கிறேன். தயவுசெய்து இந்த ஊரைப் பெர்லினை வைத்து அளக்காதீர்கள். அப்படி அளந்தால் பாதி விஷயம் புரியாமலே போய்விடும்.

கேள்வி: ஊர் பெயரை எப்படி உச்சரிப்பது? பொருள் உண்டா?

'மே' என்று சொல்லிக்கொண்டே உதட்டைக் குவியுங்கள், முதல் எழுத்து வந்துவிடும். கடைசியில் வரும் 'ராய்ட்' என்பது காட்டை வெட்டித் திருத்திய நிலத்தைக் குறிக்கும். அந்தப் பகுதியில் இந்த முடிவுள்ள ஊர்கள் ஏராளம்.

கேள்வி: சரியாக எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரிய ஊர்?

பவேரியாவின் வடகிழக்கு மூலையில், ஹோஃப் நகரத்துக்கு வடக்கே. சுமார் 50 பேர்தான் வசிக்கிறார்கள். ஊர் நடுவே டான்பாக் என்ற ஓடை போகிறது. தாண்டிக் குதித்துவிடக்கூடிய அகலம்தான், கொஞ்ச தூரம் போய்ச் சாலே ஆற்றில் சேர்ந்துவிடும். ஓடைக்குத் தென்பக்கம் பவேரியா மாநிலம், டோப்பன் ஊராட்சி. வடபக்கம் துரிங்கியா மாநிலம், கெஃபெல் நகராட்சி. இன்றைக்கும் அப்படித்தான்.

கேள்வி: பெர்லின் சுவர் கட்டியபோதுதான் இங்கும் கட்டினார்களா?

இல்லை. பெர்லினில் சுவர் எழுந்தது 1961. இங்கே அடைப்பு தொடங்கியது 1952 கோடையில். அந்த ஆண்டு மே கடைசியில் கிழக்கு ஜெர்மனி தன் மேற்கு எல்லை முழுவதையும் மூடியது. எல்லைக்கோட்டை ஒட்டி 10 மீட்டருக்கு உழுத பட்டை, அதற்குப் பின்னால் 500 மீட்டர் பாதுகாப்புப் பகுதி, அதற்கும் பின்னால் 5 கிலோமீட்டர் தடைப்பகுதி. உறவினர் வீட்டுக்கு வருவதானாலும் அனுமதிச் சீட்டு வேண்டும். நம்பத்தகாதவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட ஆயிரக்கணக்கானோரை எல்லை நெடுக வீட்டிலிருந்து கிளப்பி உள்நாட்டுக்கு அனுப்பினார்கள். அந்த நடவடிக்கைக்கு அவர்கள் வைத்த பெயருக்குப் பொருள் 'பூச்சி, புழு'. மனிதர்களை அப்படிப் பெயரிட்டு அப்புறப்படுத்தினார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடும்.

ஊருக்குள் முதலில் வந்தது பலகை வேலி. 1966-இல் அந்த இடத்தில் 700 மீட்டர் நீளத்துக்குக் கான்கிரீட் மதில் வந்தது. உயரம் மூன்று மீட்டருக்கு மேல். மேற்கு ஜெர்மனியில், அதாவது பவேரியாப் பக்கம் நின்றவர்கள் கையசைக்கலாம். கிழக்கு ஜெர்மனியில், துரிங்கியாப் பக்கம் இருந்தவர்கள் பதிலுக்குக் கையசைக்கக் கூடாது, அது தடை. எதிர்வீட்டுக்காரரைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருக்க வேண்டும். அமெரிக்கப் படையினர் இந்த ஊரை 'லிட்டில் பெர்லின்' என்றார்கள். அந்தப் பட்டப்பெயர்தான் இன்றைய குழப்பத்துக்கெல்லாம் காரணம்.

கேள்வி: 1810-லேயே எல்லைக்கல் நட்டுவிட்டார்களே. அப்படியானால் ஊர் எப்போதுமே இரண்டுதான். பனிப்போர் பிரித்தது என்பது மிகை அல்லவா?

நல்ல கேள்வி. கல் நட்டது உண்மை. ஒரு பக்கம் பவேரிய முடியாட்சி, மறுபக்கம் ராய்ஸ் என்ற சிறு அரசு. ராய்ஸ் 1920-இல் துரிங்கியாவோடு இணைந்தது. கோடு மட்டும் ஓடையிலேயே இருந்தது.

ஆனால் அந்தக் கோட்டோடு மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று பாருங்கள். பள்ளிக்கூடமும் உணவு விடுதியும் துரிங்கியாப் பக்கம். ஞாயிறு வழிபாட்டுக்கு எல்லோரும் பவேரியாவிலுள்ள டோப்பன் தேவாலயத்துக்கு நடந்தார்கள். வரிகட்டும் இடம் வேறு, வாழ்க்கை ஒன்று.

கேள்வி (வேறொருவர்): முதலாமவர் சொல்வதே சரி. கோடு இருந்ததால்தான் மதில் வந்தது. 1810 இல்லாவிட்டால் 1966 இல்லை.

பாதி ஒப்புக்கொள்கிறேன். 1945-க்குப் பிறகு போரில் தோற்ற ஜெர்மனியைப் பங்கிட்டுக்கொண்ட வல்லரசுகள் பழைய மாநில எல்லைகளையே தங்கள் மண்டல எல்லையாக எடுத்துக்கொண்டன. கல் வேறு இடத்தில் இருந்திருந்தால் மதிலும் வேறு இடத்தில் நின்றிருக்கும். ஆனால் கல்லா மதிலைக் கட்டியது? 135 ஆண்டுகளாக அந்தக் கல்லைத் தாண்டித்தான் பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். எல்லைக்கோட்டைக் குற்றம் சொன்னால் மதில் கட்டியவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். இதை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கேள்வி (முதலாமவர்): சரி, அப்படியானால் 1990-க்குப் பிறகு ஏன் ஒன்றாக்கவில்லை? இப்போதும் இரண்டாகத்தானே இருக்கிறது?

சட்டப்படி முடியும். ஜெர்மன் அரசியலமைப்பின் 29-ஆம் பிரிவின்படி, 50,000 பேருக்கு மேற்படாத பகுதியை இரு மாநிலங்கள் ஒப்பந்தம் போட்டு மாற்றிக்கொள்ளலாம். நடக்கவில்லை. இரண்டு மேயர்கள், இரண்டு அஞ்சல் குறியீடுகள் (95183, 07926), இரண்டு வகை வண்டி எண்பலகை. அக்டோபர் 31 சீர்திருத்த நாளன்று வடகரையில் விடுமுறை, தென்கரையில் வேலை நாள். ஜனவரி 6 அன்று நேர்மாறு. உங்கள் வாதத்துக்கு இது சாதகம் என்று நினைப்பீர்கள். எனக்கு இதுதான் சான்று: கோடு அங்கேயே இருக்கிறது, யாரையும் அது நோகடிக்கவில்லை.

கேள்வி: பெர்லின் சுவரில் போல இங்கும் ஓவியங்கள் உண்டா?

இல்லை. மறுபடியும் பெர்லின்!

கேள்வி: யாராவது தப்பித்தார்களா?

மதிலைத் தாண்டி ஒரே ஒருவர். 1973 மே மாதத்தில் ஏணி வைத்து ஏறிக் குதித்தார்.

கேள்வி: பெர்லின் சுவர் திறந்த 1989 நவம்பர் 9 இரவே இங்கும் திறந்துவிட்டார்களா?

மேலே பெர்லினைப் பற்றிச் சொன்னதைப் படியுங்கள். இங்கே நடந்துபோக வழி திறந்தது டிசம்பர் 9, சரியாக ஒரு மாதம் கழித்து. அதுவரை எதிர்வீட்டுக்குப் போக வேறு எல்லைச்சாவடி தேடிச் சுற்றிப் போக வேண்டும். மதிலை இயந்திரம் வைத்து இடித்தது 1990 ஜூன் 17.

கேள்வி: பிரபலங்கள் யாரேனும் வந்தார்களா?

1983 பிப்ரவரியில், அப்போது அமெரிக்கத் துணை அதிபராக இருந்த ஜார்ஜ் புஷ்.

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்தோடு ஜெர்மனி போகிறோம். அங்கே என்ன பார்க்கலாம் அண்ணா?

அருங்காட்சியகம் இருக்கிறது. மதிலில் சுமார் 100 மீட்டரை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள், காவல் கோபுரமும் நிற்கிறது. எல்லோரும் மதிலைப் படம் பிடித்துவிட்டுக் கிளம்புவார்கள். நீங்கள் ஓடைப்பக்கம் இறங்கிப் பழைய எல்லைக்கல்லையும் தேடிப் பாருங்கள். அப்புறம் பிள்ளைகளை ஓடையைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வரச் சொல்லுங்கள்.