நாலாவதாக வந்தவர்

வணக்கம் சார்.

பி.டி. உஷா பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ‘நூற்றில் ஒரு நொடியில் நழுவிப்போன வாழ்க்கை’ என்று முடித்திருந்தீர்கள். என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள், 400 மீட்டர் ஹர்டில்ஸ் ஓடுகிறாள். போன மாதம் மாவட்டப் போட்டியில் நாலாவது. அன்றிலிருந்து பி.டி. சார் முதல் என் நாத்தனார் வரை எல்லோரும் “உஷாவே நாலாவதுதானே” என்கிறார்கள். ஆறுதலுக்குத்தான் சொல்கிறார்கள். ஆனால் இவள் ஒருநாள் ராத்திரி, “அப்ப அவங்க ஜெயிக்கவே இல்லையாம்மா?” என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மஞ்சக்குப்பம், கடலூர்
(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தக் கேள்வியை உங்கள் மகள் என்னிடம்தான் கேட்டிருக்க வேண்டும். அந்தக் கடைசி வரி, கட்டுரையை முடிக்கத் தெரியாமல் அழகுக்காகப் போட்டது. தப்புதான்.

முதலில் அந்த நாலாவது இடத்தைப் பேசி முடித்துவிடுவோம். 1984, லாஸ் ஏஞ்சல்ஸ். பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம் ஒலிம்பிக்குக்கு வந்ததே அந்த வருடம்தான். உஷாவுக்கு 20 வயது. அங்கத்திய சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் கஞ்சியும் ஊறுகாயுமாக ஓட்டியதாக அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். அந்தக் கஞ்சியோடுதான் அரையிறுதியில் 55.94 நொடியில் முதலாவதாக வந்தார். இறுதியில் வேறொரு பெண் துப்பாக்கிச் சத்தத்துக்கு முன்பே கிளம்பிவிட, எல்லோரும் திரும்பி வந்து மறுபடி நிற்க வேண்டியதாயிற்று. அதில் இவருக்குத் தாளம் கெட்டது. 55.42. மூன்றாவது வந்த ருமேனியாவின் கோஜோகாருவுக்கு 55.41.

உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த வேகத்துக்கு நூற்றில் ஒரு நொடி என்பது ஏழு சென்டிமீட்டர். நாலு விரற்கடை. கோட்டருகே நெஞ்சை முன்னால் தள்ளியிருந்தால் போதும், இவர் தள்ளவில்லை. இன்னொன்றும் உண்டு. சோவியத் யூனியனும் அதன் கூட்டாளிகளும் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தார்கள். வார்சா ஒப்பந்தம் என்ற அந்த ராணுவக் கூட்டணி நாடுகளில் பேச்சை மீறிக் கிளம்பி வந்தது ருமேனியா ஒன்றுதான், கோஜோகாருவின் நாடு! விதி என்று சொல்லத் தோன்றும். மறுபடி அழகுக்கு எழுதுகிறேன் என்று திட்டுவீர்கள்.

சரி, ஜெயித்தாரா? அடுத்த வருடமே, 1985-ல், ஜகார்த்தாவில் ஆசிய சாம்பியன்ஷிப். 100, 200, 400 மீட்டர், 400 மீட்டர் தடை ஓட்டம், 4x400 தொடர் ஓட்டம். ஐந்திலும் தங்கம். 4x100 தொடர் ஓட்டத்தில் வெண்கலம் வேறு. உங்கள் மகளுக்கு இதன் கனம் சொல்லாமலே புரியும். ஒரே 400 ஓடி முடித்தவர்கள் புல்லில் விழுந்து வாந்தி எடுப்பதை உப்பளம் மைதானத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இவர் தகுதிச் சுற்று, இறுதி என்று சில நாட்களுக்குள் அத்தனையும் ஓடி, பத்துத் தடைகளையும் தாண்டியிருக்கிறார். 1986-ல் சியோல் ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குக் கிடைத்த தங்கமே மொத்தம் 5. அதில் 4-ல் உஷா இருந்தார். 100 மீட்டரில் மட்டும், 1982-ல் டெல்லியில் தன்னை முந்திய அதே பிலிப்பைன்ஸ் லிடியா டி வேகாவிடம் மறுபடி தோற்று, வெள்ளி. 1988 ஒலிம்பிக்கில் குதிகால் வலியோடு போய் முதல் சுற்றிலேயே வெளியே வந்தார். இதையெல்லாம் விட்டுவிட்டு அந்த நாலு விரற்கடையை மட்டும் நாற்பது வருடமாகப் பிடித்துத் தொங்குகிறோம். நானும்தான்.

கேரளத்துக் கரையில் இருந்தாலும் பாண்டிச்சேரியைச் சேர்ந்த மாஹேயில் நான் இரண்டு வருடம் வேலை பார்த்தவன். (பாண்டிச்சேரி அரசு ஊழியர்களுக்கு மாஹே மாற்றல் என்றால் வயிற்றைக் கலக்கும். எனக்கு மீன் குழம்பு பிடித்துப்போனதால் பிழைத்தேன்.) அங்கிருந்து தெற்கே, வடகரை தாண்டினால் உஷா வளர்ந்த பய்யோளி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். அலை நனைத்த மணல் சிமென்ட் மாதிரி இருந்தது, கால் பதியவில்லை. நாலு எட்டு மேலே ஏறினால் கணுக்கால் வரை புதைகிறது. ஓடிப் பார்க்கலாம் என்று செருப்பைக் கையில் எடுத்தேன். கட்டுமரத்துப் பக்கம் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் சிரிப்பை அடக்குவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. இந்தக் கரையில்தான் பயிற்சியாளர் ஓ.எம். நம்பியார் உஷாவை ஓட விட்டார். விமானப்படையிலிருந்து வந்தவர், துரோணாச்சாரியார் விருது முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட 1985-லேயே வாங்கியவர். உங்களுக்கு சில்வர் பீச் பக்கத்திலேயே இருக்கிறது. காலையில் சுண்டல்காரர்கள் வருவதற்கு முன் போனால் கரை முழுக்க உங்கள் மகளுக்குத்தான்.

அப்புறம், அந்த 55.42. ஒலிம்பிக் பதக்கத்துக்குப் போதாத அந்த நேரம் 39 வருடம் இந்தியாவின் தேசிய சாதனையாக நின்றது. 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டின் தகுதிச் சுற்றில் கோயம்புத்தூர் வித்யா ராம்ராஜ் ஓடி முடித்தபோது பலகையில் வந்த எண்ணும் 55.42. ஒரு புள்ளி கூட மாறவில்லை. மறுநாள் இறுதியில் 55.68, வெண்கலம். நாத்தனார் அடுத்த முறை உஷா பேச்சை எடுத்தால் இதைச் சொல்லுங்கள்.

ஒன்று எழுத மறந்துவிட்டீர்கள். தடைக்கும் தடைக்கும் நடுவே 35 மீட்டர். அதை உங்கள் மகள் எத்தனை அடியில் கடக்கிறாள்? 17 என்றால் எல்லாத் தடையையும் ஒரே காலை முன்வைத்துத் தாண்டலாம். 18 ஆகிவிட்டால் கால் மாறும், இரண்டு காலும் பழகியிருக்க வேண்டும். எட்டாவது தடைக்கு மேல் களைப்பில் எத்தனை ஆகிறது என்று பி.டி. சாரை எண்ணச் சொல்லி எனக்கு எழுதுங்கள்.