எகிப்தில் தைத்தால் மட்டும் போதாது

கேள்வி: திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்கிறேன். "துணியை எகிப்துக்கு அனுப்பி அங்கே தைத்தால் ஐரோப்பாவில் வரியே கிடையாது" என்கிறார் ஓர் ஏஜென்ட். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். எகிப்துக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் 2004 முதல் ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது. வழக்கமான 12 சதவீத வரி இல்லாமல் டி-ஷர்ட் உள்ளே போகலாம். ஆனால் இந்தியாவிலிருந்து நூல் மட்டுமே போகலாம். பின்னுவது, வெட்டுவது, தைப்பது மூன்றும் அங்கேயே நடக்க வேண்டும். பின்னிய துணியைக் கொண்டுபோனால் எகிப்து லேபிள் ஒட்டலாமே தவிர, சலுகை கிடைக்காது.

"இ.யு.ஆர்.1 சான்றிதழ் (சரக்கு எகிப்தில் உருவானது என்று காட்டும் தாள்) என் பொறுப்பு" என்பார்கள். வாங்கியும் தருவார்கள். சரக்கை விடுவித்த பிறகும் மூன்று ஆண்டுகள் வரை ஐரோப்பிய சுங்கத்துறை துருவலாம்: நூல் பில் எங்கே, நிட்டிங் எந்த ஆலையில் நடந்தது? காகிதம் இல்லையென்றால் வரி, ஐரோப்பாவில் உங்கள் சரக்கை வாங்கும் பையர் தலையில் விழும். அவர் உங்கள் அடுத்த பில்லில் கழித்துக்கொள்வார். அப்போது ஏஜென்ட் போனை எடுக்கமாட்டார். 'க்யூ.ஐ.இசட்' தொழிற்பேட்டையைக் காட்டி மயக்குபவர்களும் உண்டு. அது அமெரிக்கச் சந்தைக்கான ஏற்பாடு, ஐரோப்பாவில் செல்லாது.

துணியாகத்தான் அனுப்புவேன் என்றால் ஜோர்டானில் ஒரு வழி இருக்கிறது. அங்குள்ள சிரிய அகதிகளுக்கு வேலை கிடைக்கட்டும் என்று 2016-இல் ஐரோப்பிய ஒன்றியத்தார் இந்த விதியைத் தளர்த்தினார்கள். முதலில் குறிப்பிட்ட தொழில் வட்டாரங்களில் மட்டும். 2018-இல் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, 2030 வரை நீட்டித்தார்கள். நிபந்தனை: தொழிலாளர்களில் 15 சதவீதம் பேர் சிரிய அகதிகளாக இருக்க வேண்டும். நிறுவனம் முழுவதற்கும் சேர்த்து அல்ல, ஒவ்வொரு ஆலைக்கும் தனித்தனியாக. 200 பேர் வேலை செய்தால் 30 சிரியர்கள். 2024 டிசம்பரில் சிரியாவில் அசாத் ஆட்சி கவிழ்ந்த பிறகு பலர் ஊர் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

1995-இல் ஐரோப்பிய நாடுகளும் மத்தியதரைக்கடல் நாடுகளும் பார்சிலோனாவில் கூடி, 2010-க்குள் மத்தியதரைக்கடல் முழுக்கத் தடையற்ற வர்த்தகம் என்று அறிவித்தார்கள். 2008-இல் 'மத்தியதரைக்கடலுக்கான ஒன்றியம்' என்று ஓர் அமைப்பும் பிறந்தது. அதே பார்சிலோனாவில் செயலகம், 43 நாடுகள், மாநாடுகள். வியாபாரியோ இன்னும் நாடு நாடாக விதிப்பட்டியலைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்.

முன்பணம் கொடுக்கும் முன், உங்கள் பையரை அவர் நாட்டுச் சுங்கத்துறையிடம் இந்தத் தயாரிப்பு முறைக்குச் சலுகை உண்டா என்று எழுத்துப்பூர்வமாக முடிவு கேட்கச் சொல்லுங்கள். சில மாதம் பிடிக்கும். அதுவரை காத்திருக்க ஏஜென்ட் மறுத்தால் அவரை விட்டுவிடுங்கள்.