பயிற்சி வினாக்களை எப்படி அமைத்தால் படித்தது மனதில் தங்கும்?

சாதாரண தர மாணவர்களுக்குக் கடந்தகால வினாத்தாள்களை எவ்வளவு செய்வித்தாலும் தவணைப் பரீட்சை வரும்போது மறந்துவிடுகிறார்கள் என்றும், பயிற்சி வினாக்களை எப்படித் தயாரிப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஹற்றன் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் விஞ்ஞானம் கற்பிக்கும் நான், இதே தவற்றைப் பல ஆண்டுகள் செய்தவன்.

ஓர் அலகு முடிந்த அன்றே அந்த அலகிலிருந்து பத்து வினாக்கள் கொடுப்பேன். அநேகமாக எல்லோரும் சரியாக எழுதுவார்கள். நானும் மகிழ்ந்து அடுத்த அலகுக்குப் போவேன். கரும்பலகையில் இருந்த அலகின் பெயரே பாதி விடையைக் காட்டிக்கொடுத்தது என்பது எனக்கு வெகு காலம் உறைக்கவில்லை. அமெரிக்காவில் ரோரர், டெய்லர் ஆகிய இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், திண்மங்களின் கனவளவு காணும் கணக்குகளை வகைவகையாகப் பிரித்துச் செய்தவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதமும், கலந்து செய்தவர்கள் 60 சதவீதமும் சரியாகச் செய்தார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த சோதனையிலோ முன்னவர்கள் 20 சதவீதமும் பின்னவர்கள் 63 சதவீதமும் பெற்றார்கள். ஆகவே இப்போது பத்து வினாக்களில் நான்கு மட்டுமே அன்றைய பாடத்திலிருந்து வருகின்றன. மற்றவை சென்ற வாரத்துக்கும் சென்ற தவணைக்கும் உரியவை. புள்ளிகள் குறைகின்றன, பெற்றோர் சிலர் முறையிடுவதும் உண்டு.

வினாவின் உள்ளடக்கத்தில்தான் அதிக உழைப்பு தேவை. "கொதிநிலை என்றால் என்ன?" என்ற வினாவுக்கு மனனம் செய்த வாக்கியம் போதும். அதற்குப் பதிலாக, "கொழும்பில் அவிவதைவிட நுவரெலியாவில் பருப்பு அவிய அதிக நேரம் எடுப்பது ஏன்?" என்று கேட்டேன். வகுப்பில் பெரும்பாலோர் "இங்கே குளிர் அதிகம், அதனால் தண்ணீர் சூடாகாது" என்றார்கள். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் வளிமண்டல அமுக்கம் குறைவாக இருப்பதால் தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடுகிறது என்பதும், அடுப்பை எவ்வளவு எரித்தாலும் திறந்த பானையில் அதற்கு மேல் சூடேறாது என்பதும் அவர்களுக்குப் புதிதாக இருந்தன. அன்றாடம் சோறு சமைக்கும் பிள்ளைகளுக்கே புதிதாக இருந்தன என்பதைக் கவனியுங்கள். அந்தக் குளிர் விடையை நான் கொப்பியில் குறித்து வைத்து, பின்னர் அமைத்த பல்தேர்வு வினாவில் பிழையான தெரிவாகச் சேர்த்தேன். வாய்க்கு வந்தபடி புனைந்த பிழைத் தெரிவுகளைப் பிள்ளைகள் எளிதில் கழித்துவிடுவார்கள்; தாங்களே நம்பிய பிழை எதிரே நிற்கும்போதுதான் யோசிப்பார்கள்.

பல்தேர்வு வினாவிலும் முதலில் வினாவை மட்டும் கரும்பலகையில் எழுதி, ஒரு நிமிடம் கழித்தே தெரிவுகளை எழுதுகிறேன். நிழற்பிரதிக்குப் பணமில்லாத பாடசாலையில் தற்செயலாகத் தொடங்கிய வழக்கம் இது. விடையை அடையாளம் காண்பதற்கு முன் நினைவிலிருந்து எடுக்க வைப்பதால் விடாமல் தொடர்கிறேன். சரியான விடையையும் அதன் காரணத்தையும் அன்றே சொல்லிவிடுங்கள். இல்லையேல் பிழையே மனதில் பதிந்துவிடும். பெரும்பாலோர் பிழைத்த வினாவை எண்களையோ சூழலையோ மாற்றி இரண்டு வாரங்களுக்குப் பின் மீண்டும் கேட்கிறேன். பருப்புக்குப் பதிலாக அப்போது அமுக்கச் சமையற்கலம் வரும்.