முகமில்லாத உருவத்துக்காகக் கண் கலங்குவது ஏன்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நிஜ மனிதர்களைப் படம்பிடித்ததுபோல் தோன்றும் ஒரு புதிய வீடியோ கேமைப் பல நாள் ஆடியும் என் மனம் அதில் ஒட்டவில்லை. 2012இல் வந்த ‘ஜர்னி’ என்ற பாலைவனப் பயண கேமில் நாம் இயக்கும் உருவத்துக்கு இரண்டு ஒளிரும் கண்களைத் தவிர முகமே கிடையாது, ஆனாலும் அதன் பனிமலைக் கட்டத்தில் எனக்குக் கண் கலங்கியது. அப்படியானால் கிராபிக்ஸின் தரத்துக்கும் நம் உணர்ச்சிக்கும் தொடர்பே இல்லையா?

பதில்: நெருங்கிய தொடர்பு உண்டு, தரத்தை அளக்க நாம் எடுக்கும் கோல்தான் பிழையானது. திரையில் தெரியும் உலகம் நிஜத்தை எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதைவிட, ஆடுபவரின் கைக்கு அது எவ்வளவு உண்மையாக மறுமொழி தருகிறது என்பதே அவரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ‘ஜர்னி’யின் மணலை நினைத்துப் பாருங்கள். மேட்டில் ஏறும்போது நடை தளர்கிறது. சரிவில் உடல் தானே வழுக்கிச் செல்கிறது. கடந்து வந்த தடம் பின்னால் கோடாக விழுகிறது. பார்க்கும் கோணம் மாற மாற மணற்பரல்கள் மின்னி மறைகின்றன. இவ்வளவும் நம் விரலசைவால் நிகழ்வதால், அந்த மணல் கண்ணுக்கு மட்டுமன்றிக் காலுக்கும் தெரிகிறது.

இதைவிட நுட்பமானது அந்த உருவத்தின் கழுத்துத் துணி. எவ்வளவு தூரம் பறக்க முடியும் என்பதைத் திரையின் மூலையில் ஓர் எண்ணாகக் காட்டாமல், அந்தத் துணியின் நீளமாகவும் அதில் ஒளிரும் குறிகளாகவும் காட்டினார்கள். பாலைவனம் முழுவதும் அலைந்து நாம் நீட்டி வளர்த்த துணி, மலைக்குளிரில் ஒளியிழக்கிறது. அங்கே பறந்து காவல் சுற்றும் கல்லுருவின் பார்வையில் சிக்கினால் கிழிந்து குறுகிப்போகிறது. ஓர் எண் குறைந்திருந்தால் கணக்குப் போட்டிருப்போம். நம் கண்முன்னே அசைந்துகொண்டே வந்த ஒன்று குறையும்போது நமக்கே ஏதோ பறிபோனதாகத் தோன்றுகிறது. நீங்கள் கலங்கியதற்கு இதுவே காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உங்கள் புதிய கேம் ஏன் ஒட்டவில்லை? ஏறக்குறைய மனிதனைப் போலவே இருந்து, ஏதோ ஓரிடத்தில் மட்டும் பிசகும் உருவம் நம்மைக் கவராமல் விலக்கிவிடும் என்று ஜப்பானிய ரோபோ அறிஞர் மசாஹிரோ மோரி 1970இலேயே எழுதினார். தோலின் துளைகள்வரை தெரியும் முகத்தில் பார்வை மட்டும் எங்கோ நிலைகுத்தி நின்றால், துயரக் காட்சியில்கூட நாம் அந்தக் கண்ணின் குறையைத்தான் கவனிப்போம்.

முகத்தின் துல்லியம் வீண் என்று இதற்குப் பொருளில்லை. 2011இல் வெளியான ‘எல்.ஏ. நுவார்’ கேமில் சாட்சி சொல்வது மெய்யா பொய்யா என்பதை அவருடைய கண்ணசைவிலிருந்தும் உதட்டசைவிலிருந்தும் நாம் ஊகிக்க வேண்டும். அதற்காக நடிகர்களின் முகங்களை 32 கேமராக்களால் சுற்றிலும் பதிவு செய்தார்கள். அங்கே ஆட்டமே முகத்தில் இருப்பதால் அத்தனை உழைப்பும் தகும். (உடலசைவுகளைத் தனியே பதிவு செய்ததால், சில காட்சிகளில் தலையும் உடலும் இருவருடையவை போலத் தோன்றுவது அந்த முயற்சியின் குறை.)

கேள்வி: பழைய கேம்களில் கிராபிக்ஸ் எளிமையாக இருந்தும் அவ்வளவு பயம் வந்தது எப்படி?

பதில்: 1999இல் வந்த ‘சைலன்ட் ஹில்’ என்ற திகில் கேமே இதற்குச் சரியான சான்று. அது ஓடிய கேம் இயந்திரமான முதல் பிளேஸ்டேஷனின் முதன்மை நினைவகம் 2 மெகாபைட் மட்டுமே; ஒரு நகரத்தைத் தொலைவுவரை வரைந்து காட்ட அந்த இயந்திரத்தால் இயலாது. அந்த இயலாமையை மூடுபனியால் மறைத்தார்கள். விளைவாக, சில அடிகளுக்கு அப்பால் என்ன நிற்கிறது என்று தெரியாத நிலையில், ஆபத்து நெருங்கும்போது கரகரக்கும் ரேடியோவை மட்டும் நம்பி நடக்க வேண்டியதாயிற்று. இயந்திரம் வரையாமல் விட்டதை நம் அச்சம் வரைந்துகொண்டது.

கேள்வி: என் கணினி பழையது. எந்த அமைப்புகளைக் குறைத்தால் ஆட்டத்தில் ஒன்றிப்போகும் உணர்வு கெடாது?

பதில்: முதலில் பிரேம் வேகம், அதாவது நொடிக்கு எத்தனை படங்கள் திரையில் மாறுகின்றன என்பது, சீராக இருக்கட்டும். நொடிக்கு 60 பிரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 16.7 மில்லிநொடியும், 30 என்றால் 33.3 மில்லிநொடியும் கிடைக்கும். இவ்விரண்டுக்கும் நடுவே ஊசலாடும் வேகத்தைவிட, நிலையான 30 மேலானது. நிழல்களின் தரம், பிரதிபலிப்புகள், ரே டிரேசிங் (ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டு வெளிச்சத்தை வரையும் முறை) ஆகியவற்றை முதலில் குறையுங்கள். கிராபிக்ஸ் கார்டின் நினைவகம் போதுமானால் டெக்ஸ்சரை (பொருள்களின் மேற்பரப்பில் ஒட்டப்படும் படங்களின் நுணுக்கத்தை) குறைக்க வேண்டியதில்லை. குறைத்தாலும் வேகம் பெரிதாக அதிகரிக்காது. திறந்தவெளி கேம்களில் தொலைவுக் காட்சியை (எவ்வளவு தூரம்வரை பொருள்கள் வரையப்படும் என்பதை) கடைசியாகக் குறையுங்கள். நடந்து போகும்போது எதிரே ஒரு மரம் திடீரென்று முளைத்தால், அதுவரை சேர்ந்த நம்பிக்கை அந்தக் கணமே போய்விடும்.