கச்சானைத் தாங்கும் பூங்கன்றுகள்

கேள்வி: உப்புவெளியில் கடற்கரையிலிருந்து ஏறக்குறைய 300 மீற்றர் தள்ளி எங்கள் வீடு. 20 பேர்ச் வளவு, வெறும் மணல். கிணற்றுத் தண்ணீர் கோடையில் கொஞ்சம் சவர்க்கும். தைப்பொங்கலுக்கு வாங்கி நட்ட றோசா, எக்சோரா, குரோட்டன் எல்லாம் ஆடிக்குள் பட்டுப்போய்விட்டன. நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். நாள்தோறும் தண்ணீர் ஊற்ற நேரமில்லை. அழகாகவும் இருக்கவேண்டும், பாடும் குறைவாக இருக்கவேண்டும். என்ன நடலாம்?
ஒரு வாசகி, திருகோணமலை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கன்றுகள் பட்டதற்கு முதற் காரணம் நட்ட மாதம். திருகோணமலையில் ஆண்டுக்கு 1,600 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்தாலும், அதில் பாதிக்கு மேல் ஒக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். தைப்பொங்கலுக்கு நட்ட கன்று மாரியின் வாலைத்தான் பிடிக்கிறது. பையிலிருந்த மண்ணைத் தாண்டி வேர் ஓடுவதற்குள் மழை நின்றுவிடும். வைகாசியில் கச்சான் காற்று எழும்பும்போது வேர் ஒரு சாண் ஆழத்துக்குக்கூட இறங்கியிராது. அதே கன்றை ஐப்பசியின் முதல் மழையோடு நட்டால் மூன்று மாதத்துக்கு மேல் வானமே தண்ணீர் ஊற்றும்.

அடுத்தது காற்று. உங்கள் வளவுக்கு இரண்டு காற்று, இரண்டும் வேறு குணம். மாரியில் வாடை கடலிலிருந்து உப்பைச் சுமந்துவந்து கிழக்கு, வடகிழக்குப் பக்கத்து இலைகளில் பூசும். வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் தரைப்பக்கத்திலிருந்து, மேற்கிலும் தென்மேற்கிலும் இருந்து, சூடாகவும் வறட்சியாகவும் அடிக்கும். உப்பை மழை ஓரளவு கழுவிவிடும். கச்சானுக்கு அப்படி ஒரு மருந்து இல்லை. இலை இழக்கிற நீரை வேர் ஈடுசெய்ய முடியாமல் கன்று நின்ற நிலையிலேயே காயும். ஆகவே ஒரே கன்றை வளவு முழுக்க நடாமல் பக்கம் பார்த்து நடுங்கள்.

கடற்பக்கத்துக்குப் பூவரசை மிஞ்ச ஒன்றுமில்லை. ஐந்தடிக் கதியால்களை மூன்றடிக்கு ஒன்றாக ஊன்றினால் மாரி முடிவதற்குள் துளிர்த்துவிடும். ஆண்டுக்கு ஒரு தடவை தலை வெட்டினால் வேலியாகவே நிற்கும். வீட்டுச் சுவரிலிருந்தும் மலக்குழியிலிருந்தும் பத்தடியாவது தள்ளி ஊன்றுங்கள். தாழையும் உப்புக்கு அசையாதுதான், ஆனால் 20 பேர்ச் வளவுக்கு அது மிக அகலம், முள்ளும் உண்டு. வேண்டாம்.

கச்சான் பக்கத்து மதிலுக்குப் போகன்விலா. இதில் ஆட்கள் இரண்டு பிழை விடுகிறார்கள். ஒன்று, பையைக் கழற்றும்போது கன்றைத் தண்டில் பிடித்து இழுப்பது. போகன்விலாவின் வேர் மெல்லியது; மண்கட்டி உடைந்தால் கன்று மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும், அல்லது பட்டுவிடும். பையின் அடியை மட்டும் பிளேட்டால் வெட்டி எடுத்து, கன்றைக் கிடங்கில் இறக்கி, பிறகு பக்கத்தைக் கீறி உருவுங்கள். மற்றது, இரக்கப்பட்டு ஊற்றுகிற தண்ணீர். வேரூன்றிய போகன்விலாவுக்குத் தண்ணீரும் எருவும் கூடினால் பச்சைப் பசேலென்று இலைதான் வரும், பூ வராது. புதுக் கிளையில்தான் பூக்கும் என்பதால் மழை ஓய்ந்ததும், தை கடைசியில், நீண்ட கிளைகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுங்கள்.

அலரியும் இரண்டு காற்றையும் தாங்கும், கட்டாக்காலி மாடும் ஆடும் வாய் வைக்காது. நகரத்துக்குள், பிரெட்றிக் கோட்டைப் பக்கம் திரியும் மான்கள் செவ்வரத்தையை மொட்டையாக்கிவிடும் வீடுகளிலும் அலரி தப்பி நிற்கும். காரணம் அதன் நஞ்சு: இலை, பூ, பால் எல்லாம் நஞ்சு. வெட்டிய தடிகளை எரிக்கவும் கூடாது, புகையும் கெடுதல். சிறுபிள்ளைகள் உள்ள வீடென்றால் நடவே வேண்டாம். மஞ்சள் அலரியை எந்த வீட்டுக்கும் நாம் சொல்வதில்லை. அதன் விதை உயிரைக் குடிக்கும்.

முற்றத்துக்கு நிழலும் வாசமும் தர ஒரு ஈழத்தலரி போதும். ஒன்றரையடிக் கிளையை வெட்டி, பால் காய்ந்து வெட்டுவாய் இறுகும்வரை ஒரு கிழமை நிழலில் போட்டுவைத்து நடுங்கள். வெட்டிய கையோடு மழையில் ஊன்றினால் அடி அழுகும். கோடையில் இலை உதிர்த்தால் பட்டுவிட்டதென்று பிடுங்கிவிடாதீர்கள், அது அதன் சுபாவம்.

வெயில் படும் ஓரங்களில் பட்டிப்பூ. மாரி ஈரத்தில் சில அழுகினாலும் விழுந்த விதையிலிருந்து தானே முளைத்துவரும். மதில் நிழலில் மருள். புல்தரை ஆசையை விட்டுவிடுங்கள், அது உங்கள் கிணற்றைக் குடித்துவிடும். பெருக்கிய மணல் முற்றம் நம் வீடுகளுக்கு எப்போதுமே அழகுதான்.

எக்சோராவைப் பற்றியும் சொல்லவேண்டும். பட்டுப்போகுமுன் அதன் குருத்திலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்ததா? அப்படியென்றால் அது இரும்புச்சத்துக் குறைவு. சிப்பி கலந்த கடற்கரை மணலிலும், மதில் கட்டியபோது புதைந்த சீமெந்துக் கழிவிலும் சுண்ணாம்பு கூடுதல். மண்ணில் இரும்பு இருந்தாலும் சுண்ணாம்பு அதை வேருக்கு விடாது. கூடத் தண்ணீர் ஊற்றி இது தீராது. எக்சோராதான் வேண்டுமென்றால் மதிலிலிருந்து மூன்றடி தள்ளி, கூட்டெரு நிறையப் போட்டு, ஒன்றிரண்டு மட்டும் வையுங்கள்.

புரட்டாதியிலேயே கிடங்குகளை வெட்டிவிடுங்கள்: ஒன்றரையடி அகலம், ஒன்றரையடி ஆழம். அடியில் பொச்சுமட்டைகளைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க ஒரு வரிசை அடுக்கி, மேலே மணல், மறுபடி ஒரு வரிசை. மட்டை நீரை உறிஞ்சி வைத்திருக்கும். வெறும் மணலில் ஊற்றிய தண்ணீர் வேர் குடிக்குமுன் கீழே ஓடிவிடும். நிரப்பும் மேல்மண்ணில் ஒரு கடகம் மக்கிய மாட்டெருவைக் கலவுங்கள். பச்சைச் சாணம் வேரைச் சுடும், கறையானையும் கூப்பிடும். நட்டபின் அடியைச் சுற்றி நாலங்குலம் சருகு போடுங்கள், தண்டைத் தொடாமல்.

முதல் கச்சான் மட்டும் உங்கள் கையில். பங்குனியிலிருந்து ஆவணி முடிய, கிழமைக்கு இரண்டு நாள், விடியப்புறத்தில், கன்றுக்கு 10 லீற்றர் வாளியால் ஒரு வாளி, இலையில் படாமல் அடியில். நாள்தோறும் ஒரு செம்பு ஊற்றுவது கெடுதல்: நீர் ஆவியாகி, சவர் உப்பு மேல்மண்ணிலேயே சேரும். இலை நுனி பழுப்பாகிக் கருகினால் உப்பு ஏறுகிறது என்று அர்த்தம்; அடுத்த முறை இரண்டு வாளி ஊற்றி அதை வேருக்குக் கீழே இறக்கிவிடுங்கள். இரண்டாம் ஆண்டில் பத்து நாளைக்கு ஒரு வாளி போதும், பூவரசுக்கு அதுவும் தேவைப்படாது.